இரண்டு வரிசைக் கோன்கள்

அழுகண்ணிச் செடி ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக வளராது. சிவப்பாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். இலை முழுக்கப் பிசுபிசுப்பான முடி, ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு சொட்டு. கொசு மாதிரி ஏதாவது வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு இலை மெதுவாக மடங்கித் தின்றுவிடும். பசவனகுட்டை ஏரியின் வடகரையில் இந்தச் செடி முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. எண்ணியவன் நான்.

எண்ணுவது எனக்குப் பழக்கம்தான். சிப்காட்டில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஏழு வருடம் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் நின்றேன். பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். துளை சரியாக இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா, நல்லது இந்தப் பக்கம், ரிஜெக்ட் அந்தப் பக்கம். அருப்புக்கோட்டையில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, போன் செய்தால் முதல் கேள்வியே அதுதான்: நேற்று எத்தனை ரிஜெக்ட்? எனக்குப் பகலில் தூக்கம் வருவதில்லை. ஏழு வருடமும் வரவில்லை. ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அடையாள அட்டையை லாக்கருக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று எல்லோரும் தோண்டினார்கள். இல்லை.

மனைவி பூங்கொடி செல்போன் அசெம்பிளி லைனில் இருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது, வீட்டில் மல்லாந்து கிடக்காதே, எங்கேயாவது போய் உட்கார் என்று மட்டும் சொன்னாள். நான் ஏரிக்குப் போய் உட்கார்ந்தேன்.

அங்கேதான் காவியாவைப் பார்த்தேன். ஊத்தங்கரைப் பெண். கிருஷ்ணகிரியில் கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆராய்ச்சி செய்கிறாள். குப்புறப் படுத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயங்கிவிட்டாள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். அவள் நிமிர்ந்து, அங்கேயே நில்லுங்க, மிதிச்சிடாதீங்க என்றாள். நான் ஏற்கெனவே ஒன்றை மிதித்திருந்தேன். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

ஏரியில் தண்ணீர் வற்ற வற்ற வடகரையில் ஈர மணல் ஒரு பட்டையாக வெளியே தெரியும். பத்தடி அகலம், நூற்றைம்பது அடி நீளம். சுற்றுவட்டாரத்தில் அவளுக்குத் தெரிந்து அழுகண்ணி மிஞ்சியிருப்பது அந்தப் பட்டையில் மட்டும்தான். செடி ஒரே வருடம்தான் வாழும். பூத்து, விதை முற்றி, கீழே விழுந்தால்தான் அடுத்த வருடம் உண்டு. விழாவிட்டால் இந்த ஏரியில் அதோடு சரி. அவளால் வாரத்தில் ஒருநாள், புதன்கிழமைதான் வர முடியும். மற்ற நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கரையில் இருந்து எண்ணிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், ஆராய்ச்சிப் பணத்தில் கொஞ்சம் தரலாம் என்றாள். பகல் வேலை. உடனே ஒப்புக்கொண்டேன். செடிமேல் எனக்குப் பாசம் எதுவும் கிடையாது. நான் எண்ணிய கணக்கு குறையக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் கரைக்குப் பழைய ஆள் முனிலட்சுமி அக்கா. காலையில் இரண்டு மாடுகளை அங்கே மேய்ப்பாள், மதியம் இரண்டு மணிக்கு ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவப் போவாள். மாடுகளைத் தெலுங்கில் திட்டுவாள், என்னைத் தமிழில். முதல் நாள் நான் நோட்டும் கையுமாகக் குனிந்து குனிந்து போவதைப் பார்த்துவிட்டு, என்ன தம்பி, கம்மல் தொலைச்சிட்டியா என்றாள். செடியைக் காட்டினேன். அவள் அதை நாற்பது வருடமாகப் பார்த்திருக்கிறாள், பெயர் மட்டும் தெரியாது. மாடு மேய்ந்து புல் குட்டையாக இருக்கும் இடத்தில்தான் அது வரும் என்று அவளே சொன்னாள். புதன்கிழமை காவியாவும் அதையே சொன்னாள். முனிலட்சுமிக்கு அதில் ஒரு பெருமை.

செடிக்கு எதிரி மாடு அல்ல. சானமாவுக் காட்டிலிருந்து வரும் யானைக் கூட்டம்கூட அல்ல, அது போன வருடம் இந்தக் கரை வழியாகத்தான் தண்ணீருக்கு இறங்கியது. எதிரி ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஜீப்புகள் வரும். உயரமான டயர், முன்னால் இழுவைக் கம்பி சுற்றிய வின்ச், கூரைமேல் விளக்குகள். கரைச் சேற்றில் ஏறி இறங்கி, சக்கரம் சுழன்று, சிக்கி, இழுத்து, மறுபடி ஏறுவார்கள். சிக்கியதை இழுக்க ஊரிலிருந்து டிராக்டர் வரும். ஓட்டுவது முனிலட்சுமியின் கணவர் ராமப்பன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு ஜீப் சிக்கினால் அவருக்கு டீசல் போக வாரச் செலவு தேறிவிடும். அதனால் ஜீப்பைக் குறைசொல்லி அவர் முன்னால் யாரும் பேச முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறு ஐந்து ஜீப் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு இருநூற்று அறுபத்தெட்டு ஆனது. ஓடிப்போய்க் கையை நீட்டி மறித்தேன். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவர் ராஜசேகர், பெங்களூர்த் தமிழர், நாற்பது வயது இருக்கும். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்க ஏறக் கூடாதுன்னு தெரியலையே பாஸ். மார்க் பண்ணி வைங்க. மார்க் பண்ணா சத்தியமா ஏறமாட்டோம்."

நியாயமாகப் பட்டது. கம்பெனி ஷாப் ஃப்ளோரில் எல்லாம் அப்படித்தான். மஞ்சள் கோடு போட்டால் அதைத் தாண்டி யாரும் கால் வைக்க மாட்டார்கள். தடுப்புக் கோன் வைத்தால் ஜெனரல் மேனேஜரே சுற்றிக்கொண்டு போவார். ஏழு வருடத்தில் ஒருவர் கோனைத் தாண்டி நான் பார்த்ததில்லை. மறுநாள் சூளகிரிப் பழைய இரும்புக் கடையில் இருபத்திரண்டு ஆரஞ்சுக் கோன்களும் மஞ்சள் கறுப்பு டேப் ஒரு ரோலும் பொறுக்கினேன். பட்டையின் இரு பக்கமும் பதினொன்று பதினொன்றாக வரிசை வைத்து டேப் கட்டினேன். இரண்டு முனைகளுக்கு டேப் போதவில்லை. வேலையைத் தள்ளி நின்று பார்த்தபோது மனம் நிறைந்திருந்தது. வருடக்கணக்கில் அப்படி இருந்ததில்லை. அன்று பகலில்கூட ஒரு மணி நேரம் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு வந்தது வேறு கூட்டம். ஒன்பது வண்டி, எல்லாம் கன்னடக்காரர்கள். நான் ஏரிக்கரைமேல் மதகுப் பக்கம் முனிலட்சுமியோடு உட்கார்ந்திருந்தேன். கோன் இருக்கிறது, என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியம். முதல் வண்டி வடகரை முனையில் நின்றது. ஒருவர் இறங்கி இரண்டு வரிசைக் கோன்களையும் பார்த்தார். தலையாட்டினார். மறுபடி ஏறினார்.

பிறகு அந்த ஜீப் கோன்களுக்கு நடுவில் நுழைந்தது. நிதானமாக, அழகாக, நூற்றைம்பது அடியும் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. ஒரு கோனைக்கூடத் தொடவில்லை. உடனே இரண்டாவது வண்டி நுழைந்தது.

நான் மதகிலிருந்து ஓடிப்போய்ச் சேர்வதற்குள் நாலு வண்டி போய்விட்டது. முதலில் போனவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தபடி என்னைக் கேட்டார்.

"டைம் எஷ்டாய்த்து?"

எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்கிறார். ஜீப் பந்தயங்களில் பாதை காட்டுவதற்கு இப்படித்தான் இரண்டு வரிசைக் கோன் வைப்பார்களாம். என்னை நேரம் குறிக்கிற ஆள் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் செடியைப் பற்றிச் சொன்னேன். அவர் இறங்கி, சக்கரத் தடத்தைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே கேட்டார். பிறகு, அப்படியானால் ஏன் கோன் வைத்தீர்கள் என்றும் கேட்டார்.

அன்று மாலை எண்ணினேன். தொண்ணூறு. சும்மா விட்டிருந்தால் அவர்கள் கரையில் எங்கெங்கோ ஓட்டியிருப்பார்கள், போன வாரம் மாதிரி நாற்பது ஐம்பது போயிருக்கும். நான் வேலை மெனக்கெட்டு, அளவெடுத்து, பட்டை முழுவதையும் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன்.

முனிலட்சுமி என்னைத் திட்டவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் தம்பி, ஊட்ல பீரோ இருந்தா நகை இங்கதான் இருக்குதுன்னு மேல எழுதி ஒட்டுவியா?"

புதன்கிழமைக்குள் எண்பத்தொன்று ஆகியிருந்தது. சக்கரம் போட்ட தடம் வாய்க்கால் மாதிரி ஆகி, பட்டையில் இருந்த ஈரம் முழுவதும் அதன் வழியாக ஏரிக்குள் வடிந்துகொண்டிருந்தது. மிதிபடாத செடியும் காய்ந்தது. காவியாவிடம் கோன் கதையைச் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தினால் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

"எண்பத்தொண்ணு போதும்ணா," என்றாள். "விதை முத்த இன்னும் மூணு வாரம். அதுவரைக்கும் இதுங்கள வெச்சிருந்தா போதும்."

தடத்தை என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. முனிலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். வயலில் மடை அடைப்பது போல, ஒவ்வொரு தடத்தின் கீழ்முனையிலும் களிமண்ணை அப்பி மிதித்தாள். பத்தடிக்கு ஒரு அடைப்பு. நானும் காவியாவும் களிமண் சுமந்தோம். மதியத்துக்குள் தடங்களில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. கேண்டீனுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

ஈரம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மிச்சம். விதை விழ மூன்று வாரம் என்றால் நடுவில் மூன்று ஞாயிறு. பாதையை முள் போட்டு அடைக்கலாம் என்று யோசித்தேன். அந்தப் பாதையில்தான் மாடும் டிராக்டரும் போகவேண்டும். போலீஸில் சொல்லலாம் என்று பூங்கொடி சொன்னாள். நாணயம் அளவு செடி என்று எழுதிக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். அந்த ஜீப் கோன்களுக்கு நடுவில் போன விதம் கண்ணிலேயே நின்றது. எவ்வளவு கவனம். கரை முழுக்கச் சேறு இருக்க, அவர்கள் சேற்றைத் தேடவில்லை. கோனைப் பார்த்ததும் கோனுக்குள் போனார்கள்.

அப்படியென்றால் கோன் எங்கே இருக்கிறதோ அங்கே போவார்கள்.

ராமப்பனுக்கு ரோட்டோரத்தில் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. நாலுவழிச் சாலை போட்டபோது மண் எடுக்கக் கொடுத்து, இப்போது ஆளுயரக் குழியாகக் கிடந்தது. மேடும் பள்ளமும் சரளையும்தான். அங்கே புல்கூட முளைக்காது. நான் அவரிடம் போய்க் கேட்டேன். அவர் டிராக்டர்மேல் உட்கார்ந்தபடியே கேட்டார், இறங்கவில்லை.

"குழியில சேறு ஏது? சேறு இல்லன்னா வண்டி சிக்காது. சிக்கலன்னா என்னை எவன் கூப்புடுவான்?"

முனிலட்சுமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"போர்த் தண்ணி உடு. சேறு தானா ஆவுது. இதைக்கூட நான் சொல்லணுமா உனுக்கு?"

ராமப்பன் கொஞ்சம் யோசித்தார். ஏரியில் இழுப்பதைவிடக் குழியில் இழுப்பது சுலபம், அதுவும் தன் நிலம் என்பது அவருக்கு மெதுவாகப் புரிந்தது. புரிந்ததும் அது அவருடைய யோசனை ஆகிவிட்டது. சனிக்கிழமை மோட்டாரைப் போட்டு மூன்று இடத்தில் சேறு கட்டினார். இன்னும் கொஞ்சம் ஆழமா வேணும் என்று அவரே சொல்லி, டிராக்டரால் கலக்கினார். நான் வடகரையில் இருந்த கோன் அத்தனையும் பிடுங்கினேன், டேப் ஒரு துண்டு விடாமல் பொறுக்கினேன். பட்டையில் இப்போது ஒன்றும் இல்லை. வெறும் மணல், குட்டைப் புல், தண்ணீர் தேங்கிய தடம். தெரிந்தவன் குனிந்து பார்த்தால்தான் சிவப்பு தெரியும்.

குழியில் கோன்களை வளைத்து வளைத்து வைத்தேன். கடைசியில் ஒரு பலகை நட்டேன். எங்கள் லைனில் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பீஸ் ஆயிற்று என்று எழுத ஒரு பலகை தொங்கும். அதைப் பார்த்தால் எந்த ஷிஃப்ட்காரனுக்கும் முந்தின ஷிஃப்டைவிட ஒரு பீஸ் கூடப் போடவேண்டும் என்று அரிக்கும். அந்த அரிப்பை நம்பித்தான் நட்டேன். சிறந்த நேரம் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, கீழே காலியாக விட்டேன்.

அந்த ஞாயிறு கன்னடக்காரர்கள் வந்தார்கள். ரோட்டிலிருந்தே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. ஒரு வண்டிகூட ஏரிப் பக்கம் திரும்பவில்லை. நெஞ்சில் கை வைத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்து, இப்போது சரியான இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றார். அவருடைய நேரம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. சாக்பீஸால் பெரிதாக எழுதினேன். ராமப்பன் ஆறு வண்டி இழுத்தார். மத்தியானம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அதற்குமுன் அவர் என்னை ஒரு ஆளாக மதித்ததே கிடையாது.

இரண்டாவது ஞாயிறுதான் சிக்கல். நான் குழியில் கோனை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது முனிலட்சுமியின் குரல் ஏரியிலிருந்து கேட்டது. ஓடினேன். ராஜசேகர் ஆட்கள் வேறு வழியாக, கரைமேலேயே வந்துவிட்டார்கள். முன்வண்டியின் சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற தூரம்தான் இருந்தது. அந்த இடத்தில் முனிலட்சுமியின் மாடு குறுக்கே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை விரட்டுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள், விரட்டவில்லை.

ராஜசேகர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் தேடினார்.

"பாஸ், மார்க்கிங் எங்க? நீங்க பண்றேன்னு சொன்னீங்கன்னு நான் பசங்க கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். ஒண்ணையும் காணோம். அப்ப இப்ப போலாம்தானே?"

அவர்மேல் தப்பே இல்லை. சொன்ன வார்த்தையை அவர் காப்பாற்றினார். தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார். இரண்டு நாளைக்குமுன் பாம்புப் புற்று இருக்கிறது, புதைமணல் இருக்கிறது என்று ஏதேதோ பொய் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். கோன் வைத்தது, கன்னடக்காரர் நடுவில் நுழைந்தது, நேரம் கேட்டது. ராஜசேகர் சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துச் சிரித்தார். பின்னால் இருந்த வண்டிக்கு வாக்கிடாக்கியில் சொன்னார், அங்கேயும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டார்.

செடியைப் பார்க்கவேண்டும் என்றார். ஷூவைக் கழட்டு என்றாள் முனிலட்சுமி. கழட்டினார். நான் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வந்து குந்தினார். விரலால் காட்டினேன்.

"இதுவா?"

"இதுதான்."

"இவ்ளோதானா பாஸ்?"

"இவ்வளவுதான். இன்னும் எண்பது இருக்கு. பத்து நாள்ல விதை விழுந்துரும்."

கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு இலையில் கொசு ஒட்டியிருந்தது, ஒரு கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இவ்வளவு தூரம் டீசல் போட்டு வந்திருக்கிறோம், அப்படியானால் நாங்கள் எங்கே போவது என்றார். அதில் நியாயம் இருந்தது. ரோட்டோரக் குழியைக் காட்டினேன். அது வெறும் மண் குழிதானே என்று உதட்டைப் பிதுக்கினார்.

"அங்க ஒருத்தர் ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு போட்டிருக்கார்," என்றேன்.

"யாரு?"

"போன வாரம் வந்த கன்னட குரூப்."

ராஜசேகர் குனிந்து ஷூவை மாட்டினார். லேஸைக்கூட முழுசாகக் கட்டவில்லை. ஐந்து வண்டியும் வந்த தடத்திலேயே பின்னால் நகர்ந்து திரும்பின. மாடு அப்போதுதான் தானாகவே நகர்ந்தது. முனிலட்சுமி அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, தெலுங்கில் ஏதோ சொன்னாள். முதல் தடவையாக அது திட்டு மாதிரிக் கேட்கவில்லை.

அன்று ராஜசேகரின் நேரம் மூன்று நிமிடம் ஐந்து விநாடி. மூன்று தடவை முயன்றார், இரண்டு தடவை ராமப்பன் இழுக்கவேண்டி வந்தது. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே வருவார் என்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறும் எல்லா வண்டியும் குழியோடு நின்றுவிட்டன. அதற்கடுத்த புதன்கிழமை காவியா வந்தபோது காய்கள் வெடித்திருந்தன. ஒரே ஒரு காயை மட்டும் வெள்ளைத் தாள்மேல் தட்டிக் காட்டினாள். கறுப்புத் தூள். கசகசா அதன் பக்கத்தில் பாறாங்கல். மூச்சு விட்டாலே பறக்கும் என்பதால் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தோம். மற்றதெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. முனிலட்சுமி கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இனிமேல் மாட்டை விடலாமா என்று கேட்டாள். விடுங்க, குளம்பு பட்டா விதை ஈரத்துல நல்லா உக்காரும் என்றாள் காவியா. மாடுகள் பட்டைக்குள் இறங்கின. முனிலட்சுமி, நான்தான் மொதல்லயே சொன்னேனே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அவள் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வேலை அன்றோடு முடிந்தது. அடுத்த வருடம் தண்ணீர் வற்றும்போது வாருங்கள் என்றாள் காவியா. அதுவரை குழியை நீ பார்த்துக்கொள், கோன் அடுக்கவும் நேரம் குறிக்கவும் ஆள் வேண்டும் என்று ராமப்பன் சொல்லியிருக்கிறார். ஞாயிறு மட்டும், பகலில்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பாயை விரித்தேன். கண் சொருகும்போது அப்பா போன் செய்தார். இப்போது என்னதான் வேலை பார்க்கிறாய் என்றார்.

"எண்ணிக்கிட்டிருந்தேன்ப்பா. இன்னைக்கு முடிஞ்சது."

எதை என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை.

"மொத்தம் எத்தனை?"

"எம்பத்தொண்ணு."

"ரிஜெக்ட்?"

"ரெண்டு. மாடு மிதிச்சிருச்சு."

பரவாயில்லை என்றார் அப்பா. ஏழு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மணி மூன்றரை, நல்ல வெயில், தூங்கிவிட்டேன்.